அனார்குல் அக்காவுக்கு முகம் தெரியாது

"இது யாரோடது? இடது கால் உள்பக்கமா தேஞ்சிருக்கு."

வாசலில் குவிந்து கிடந்த நாற்பது ஐம்பது ஜோடிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒரு சின்ன பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அனார்குல் அக்கா கேட்டார். உள்ளே, இறந்துபோன ஒருவரின் நாற்பதாம் நாள் விருந்து. ஓதுகிறவர் ஓதி முடித்து, எல்லோரும் இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்ட நேரம்.

ஒரு இளம் தாய் எட்டிப் பார்த்தாள். "என் பையனோடது அக்கா. ஏன், யாராவது மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"யாரும் போடலை. அஞ்சு வயசு இருக்குமா அவனுக்கு? புதன்கிழமை பத்தரைக்குக் கூட்டிட்டு வா."

"அவன் நல்லாத்தானே ஓடறான்!"

"ஓடறப்போ எல்லாப் பயலும் நல்லாத்தான் ஓடுவான். நிக்கச் சொல்லு, பாக்கலாம்."

பூட்ஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த ஜோடியைத் திருப்பினார். நரின் என்கிற எங்கள் மலையூரில் எந்த வீட்டு விருந்துக்கு வந்தாலும் அனார்குல் வாசலைத் தாண்டக் கால் மணி நேரம் ஆகும். துக்க வீடாக இருந்தால் வாசலில் இரண்டு பேருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அழுதுகொண்டே உள்ளே வருவார்.

குழந்தைகள் மருத்துவமனையில் அவர் பிசியோதெரபிஸ்ட். இருபத்தாறு வருடமாக நாலாம் எண் அறை. ஊரார் மசாஜ்காரம்மா என்கிறார்கள். அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "மசாஜ் பண்றதுக்கு இவங்க என்ன வெள்ளாட்டுத் தோலா?" என்பார். நான் ஐந்தாம் எண் அறையில் கண் பரிசோதிக்கிறவன். இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது ஒட்டுப் பலகை. என் அறையில் குழந்தைகள் சுவரில் இருக்கும் எழுத்துகளைத் தயங்கித் தயங்கிப் படிக்கும்போது, பக்கத்து அறையிலிருந்து அவர் போடும் அதட்டலுக்கும் சேர்த்தே பதில் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

ஆள் குள்ளம். அகலம் அதிகம். ஐம்பத்தொரு வயது. வெள்ளை அங்கியின் பைகளில் உலர்ந்த பாதாமி, அளவு நாடா, யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை. கைக்குழந்தையைத் தொடும்முன் சூடான தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார். கை சூடானதும் தேநீரை ஜன்னலோரம் வைத்துவிடுவார். ஒரு நாளில் அப்படி ஏழெட்டுக் கிண்ணம் ஆறிப்போய் வரிசையாக நிற்கும். அவர் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை.

முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. எட்டு வருடமாகப் பக்கத்து அறையில் இருக்கும் என்னையே கடைவீதியில் நேருக்கு நேர் பார்த்துவிட்டு யாரோ என்று கடந்துபோவார். நாலடி தாண்டியதும் திரும்பிப் பார்த்து, என் முதுகைக் கண்டு, "அட, நீயா!" என்பார். நூறடி முன்னால் போகிற ஒரு வாலிபனைக் காட்டி, "அவனுக்கு மூணு மாசத்துல இடது இடுப்பு எலும்பு கிண்ணத்துல சரியா உக்காராம இருந்துச்சு. இப்ப எப்படி நடக்கறான் பாரு, கழுதை" என்பார். கூப்பிட்டு நிறுத்தினால் பேர் தெரியாது. பழைய தாய்மார்கள் சந்தையில் பிள்ளையோடு வந்து வணக்கம் சொன்னால், முதலில் பிள்ளையின் முழங்காலைத்தான் விசாரிப்பார். தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பதை விட்டுவிட்டார். வாசிக்கிற பெண்ணுக்கு வலது தோள் ஏறியிருக்கிறதாம். நாட்டில் என்ன நடக்கிறது என்றே காதில் விழவில்லையாம்.

நாலாம் எண் அறை மாடியில் இருக்கிறது. நடக்க முடியாத பிள்ளைகளுக்கான அறையை மாடியில் வைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் ஆவணங்களை அடுக்கியிருக்கிறார்கள். லிஃப்ட் கிடையாது. அறையைக் கீழே மாற்றித் தருகிறோம் என்று இரண்டு முறை எழுத்தில் வந்தது. அனார்குல் இரண்டு முறையும் மறுத்துவிட்டார். "இருபத்திரண்டு படி இருக்கு. சம்பளம் இல்லாம வேலை செய்யற ஆளு அது. அதையும் எடுத்துட்டா நான் தனியா என்ன பண்றது?" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும் தகப்பன்மார்களை அவர் மேலே நின்றபடி கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துப் பிடித்துவிடுவார். "இறக்கி விடுப்பா. நீ நல்லாத்தான் நடக்கறே, எனக்குத் தெரியுது. உன்னை வரச் சொல்லலை."

அறையில் சுவரோடு ஒரு மர ஏணி, ஒரு நிலைக்கண்ணாடி, தரையில் தடித்த கம்பளம், காற்றடைத்த பெரிய நீலப் பந்து ஒன்று. அந்தப் பந்துக்குத் தலைமை மருத்துவர் என்று பெயர். உருவ ஒற்றுமை. குழந்தைகளுக்கு அது வெறும் பெயர்தான். போன வசந்தத்தில் உண்மையான தலைமை மருத்துவர் மேலிடத்து ஆட்களோடு தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தபோது பலகைக்கு அப்பாலிருந்து சத்தம் கேட்டது. "தலைமை மருத்துவர் மேல ஏறி உக்காரு. அப்படித்தான். நல்லாக் குதி. பயப்படாதே, அது கனம் தாங்கும்." தலைமை மருத்துவர் கதவைத் திறக்காமலே அடுத்த அறைக்கு வந்து என் எழுத்துப் பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு அனார்குலுக்குத் தனி. பத்து முறை செய்யச் சொல்வார். "ஏழு, எட்டு, ஒன்பது, ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால்..." முதுகு வளைந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் ஒருநாள் மூச்சிரைக்கத் தகராறு செய்தான்.

"அக்கா, எங்க ஸ்கூல்ல ஒன்பதுக்கப்புறம் பத்துதான்."

"உங்க ஸ்கூல்லதான் முதுகு இப்படி ஆச்சு. ஒன்பதே முக்கால்."

அந்த வயதுப் பையன்களிடம் கைபேசியைப் பிடுங்க மாட்டார். கம்பளத்தில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பார். கால் மணியில் அவர்களே அணைத்துவிடுகிறார்கள்.

எல்தார் என்கிற பதினாறு வயதுக்காரன், குதிரையில் பாய்ந்து ஆட்டு உடலைப் பிடுங்கும் ஆட்டத்தில் முழங்கால் சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்தான். ஆறு வாரம் சேணத்தில் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் ஏணியில் காலை நீட்டிக்கொண்டிருந்தபோது, "எப்படி வந்தே?" என்று கேட்டார்.

"நடந்துதான் அக்கா."

"நாலு கிலோமீட்டரா?"

"மெதுவா நடந்தேன்."

ஜன்னலுக்குக் கீழே ஒரு குதிரை கனைத்தது.

"உன்னைத்தான் கூப்பிடுது போல. போய்க் கேட்டுட்டு வா" என்றார்.

கைக்குழந்தைகளை மரத்தொட்டிலில் படுக்கவைத்துக் காலைச் சேர்த்துக் கட்டுவது எங்கள் வழக்கம். பயிற்சிக்கு வரும் வெளியூர் மருத்துவர்கள் தொட்டிலையே தூக்கிப் போடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் தூக்கிப் போடுவதில்லை. அனார்குல் அப்படிச் சொல்ல மாட்டார். வீட்டுக்கே போய்த் தொட்டிலைத் தட்டிப் பார்த்து, மரத்தைப் புகழ்ந்து, பிறகு கட்டை அவிழ்த்து அகலமாகக் கட்டிவிடுவார். "கால் ரெண்டும் விரிஞ்சு இருக்கணும். குதிரைமேல உக்கார்ற மாதிரி. இப்படி ஒட்டக் கட்டினா நாளைக்கு இவன் சேணத்துல எப்படி உக்காருவான்? சைக்கிள்லதான் போவான்." எந்தத் தகப்பனும் அதற்குப் பிறகு காலைச் சேர்த்துக் கட்டுவதில்லை.

சொந்த முழங்கால் இரண்டும் பழுது. இடது மோசம். அவர் மற்றவர்களுக்குச் சொல்லும் பயிற்சி எதையும் அவர் செய்வதில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்குச் சொல்ல ஆளில்லை" என்பார். நான் சொல்கிறேன் என்றேன். "நீ கண்ணு பாரு" என்றார்.

பெய்ஷென் விவகாரம் இந்த அக்டோபரில் நடந்தது.

பெய்ஷென் குதிரை வியாபாரி. அறுபத்து மூன்று வயது. ஞாயிறு சந்தையில் வெள்ளைக் கம்பளித் தொப்பியும் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையுமாக நிற்பார். எந்தக் குதிரைக்கு எந்தக் காலில் வலி என்று அது வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிடுவார். அவருடைய மருமகள் பெர்மெத், பேத்தி அய்பீகே. இரண்டு வயது நாலு மாதம். முப்பத்தோராவது வாரத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. கெண்டைக்கால் சதை எப்போதும் விறைத்திருக்கும். நிறுத்தினால் விரல் நுனியில் நிற்பாள். ஒன்பது மாதமாகப் பெர்மெத் வாரம் மூன்று நாள் அந்த இருபத்திரண்டு படியையும் குழந்தையோடு ஏறி வருகிறாள். மாமனார் ஒருநாளும் வந்ததில்லை.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் இங்கே கால்கயிறு அறுக்கும் விருந்து வைப்போம். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றைக் கணுக்கால்களில் கட்டிக் கம்பளத்தில் நிறுத்துவோம். தூரத்திலிருந்து ஓடி வருபவர்களில் முதலில் வந்தவர் கத்தியால் கயிற்றை அறுத்து, குழந்தையின் கையைப் பிடித்து முதல் அடிகளை நடத்த வேண்டும். ஓடி வந்தவரின் வேகம் குழந்தையின் காலுக்கு வரும் என்று நம்பிக்கை. நடப்பதற்கு முன்பே யாரும் நாள் குறிப்பதில்லை. பெய்ஷென் குறித்தார். ஆகஸ்ட் கடைசியில், சந்தைக் கூட்டாளி ஒருவர் வீட்டு விருந்தில், கையில் புளித்த குதிரைப்பால் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம், "உன் பேத்திக்கு எப்போ?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கிண்ணத்தோடு எழுந்து நின்று, "அக்டோபர் ரெண்டாவது ஞாயிறு, எல்லாரும் வந்துடணும்" என்று சொல்லிவிட்டார். எழுந்து நின்று சொன்னதை உட்கார்ந்து மாற்ற முடியாது.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அவர் படியேறி வந்தார். என் அறையில் ஆள் இல்லை. நடுவிலிருந்த ஒட்டுப் பலகை நன்றாக வேலை செய்தது; ஒரு சொல் தப்பவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தயாராயிடுமா தங்கச்சி?"

"எது?"

"பேத்தி."

"நான் என்ன தையல்காரியா அண்ணே?"

"இருநூறு பேரைக் கூப்பிட்டிருக்கேன்."

"அது அவ கெண்டைக்காலுக்குத் தெரியாதே."

"ஏன் நடக்க மாட்டேங்கறா? நல்லாச் சாப்பிடறா. நல்லாக் கத்தறா. கால் ரெண்டும் இருக்கு."

"இருக்கு. மூளையிலேர்ந்து காலுக்குப் போற சேதி சரியாப் போய்ச் சேரலை. சதை இறுகிக் கிடக்கு. குதிகால் தரையில பட மாட்டேங்குது. குதிகால் பட்டாத்தான் நிப்பா, நின்னாத்தான் நடப்பா. நடப்பா அண்ணே. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"வருஷமா? எனக்கு அஞ்சு நாள் இருக்கு."

"முக்காலியைத் தள்ளிக்கிட்டு நாலடி, அஞ்சடி நடப்பா. இப்பவே நடக்கறா. அதைக் காட்டுங்க. அழகா இருக்கும்."

"முக்காலியா?" பெய்ஷெனின் குரல் பலகையை அதிரவைத்தது. "பால் கறக்கற முக்காலியைத் தள்ளிக்கிட்டு வரணுமா என் பேத்தி? ஜும்கால் வரைக்கும் சிரிப்பாங்க. ரெண்டு பசங்க இருக்கானுங்க எனக்கு. ஆளுக்கு ஒரு கை பிடிச்சுக் கூட்டிட்டு வருவானுங்க. தரையில கால் பட்டா என்ன, படாட்டி என்ன, பாக்கறவனுக்கு நடக்கற மாதிரி இருந்தாப் போதும்."

"அது நடக்கறது இல்ல. துணி காயப்போடறது."

பெய்ஷென் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கார். ஒரே இழுப்புல நேராக்கிடுவாராம். ஞாயித்துக்கிழமை எம் மானம் போச்சுன்னா, திங்கக்கிழமை என் வண்டி அந்தப் பக்கம்தான் போகும். ஒன்பது மாசம் உனக்குக் கொடுத்தாச்சு தங்கச்சி."

மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் போன வருடம் ஒரு குழந்தையின் காலை அப்படி இழுத்திருக்கிறார். அந்தக் குழந்தை தொடை எலும்பில் கட்டோடு நாலாம் எண் அறைக்கு வந்தது எனக்குத் தெரியும். அன்று அனார்குல் பந்தை உதைத்த உதையில் என் எழுத்துப் பலகை கழன்று விழுந்தது.

பெய்ஷென் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அனார்குல் பேசினார்.

"நொண்டற குதிரையை நூறடியிலேர்ந்து கண்டுபிடிப்பீங்களாம். இவளை எப்பவாவது குனிஞ்சு பாத்தீங்களா?"

கதவு அறைந்து சாத்தப்பட்டது.

வியாழனும் சனியும் வழக்கம்போல்தான் நடந்தது. அதே ஏணி, அதே பாதாமி, அதே ஒன்பதே முக்கால். பெர்மெத் மட்டும் அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் அழுத்தி நீவிவிட்டா சீக்கிரம் வராதா?"

"இது என்ன ரொட்டி மாவா? மூக்கைச் சிந்திட்டு வா. உன்னைப் பாத்து அவளும் விறைக்கறா."

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பெய்ஷென் வீட்டுப் பின்புறத்து மேய்ச்சல் நிலத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். நாலைந்து அண்டாக்களில் இறைச்சி கொதித்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் பெய்ஷெனின் ஏழு தலைமுறையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அனார்குல் பூப்போட்ட சால்வையில் எதையோ மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். பரிசுகளை வாங்கி வைக்கிற பெண் கை நீட்டினாள். கொடுக்கவில்லை.

"கேக்கா அக்கா?"

"ஆமா. மூணு கால் கேக்."

மூட்டையை என் கையில் திணித்தார். "நான் கூப்பிட்டதும் கொண்டு வா." தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெண்கள் ஓட்டத்துக்கு நிற்கிற வரிசையைப் பார்த்து நடந்தார்.

"நீங்க எங்க போறீங்க?"

"ஜெயிக்கப் போறேன். ஜெயிச்சாக் கயிறு அறுக்கறது நான். கையைப் பிடிக்கறதும் நான். அப்புறம் அந்த ரெண்டு தடியனுங்களும் அவளைத் தொட முடியாது."

"உங்க முழங்கால்?"

"அதுக்கு இன்னிக்கு லீவு."

பன்னிரண்டு பெண்கள். நூறு அடி தூரம். துண்டை வீசியதும் பதினொரு பேர் ஓடினார்கள். அனார்குல் அசைந்தார். முதல் இருபது அடியில் நல்ல நம்பிக்கையோடுதான் இருந்தார். பிறகு இடது கால் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போனார்கள். கூட்டம் கைதட்டியது. "அக்கா, குதிரை கொண்டுவரட்டுமா?" என்று எல்தார் கத்தினான். தபால் கொடுக்கிற சோனுன் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள். தினமும் எட்டுக் கிலோமீட்டர் நடக்கிறவள், பாவம், அவளுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது. கத்தியை வாங்கிக் கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தாள். குழந்தையின் கையைப் பிடிக்கக் குனிந்தாள். அதற்குள் பெய்ஷெனின் இரண்டு மகன்களும் அவளை விலக்கிவிட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

பத்தடி தள்ளிப் பெய்ஷென் கைகளை விரித்து நின்றார்.

அய்பீகேயின் கால் இரண்டும் கத்தரிபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறின. உடம்பு பலகையாக விறைத்தது. விரல் நுனி கம்பளத்தை உரச, அவளை இழுத்து வந்தார்கள். அவள் வீறிட்டு அழுதாள். ஒலிபெருக்கிக்காரர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். பெர்மெத் வாயில் தலைத்துணியின் நுனியைத் திணித்துக்கொண்டு நின்றாள். இருநூறு பேரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

அப்போதுதான் அனார்குல் ஓடி முடித்தார்.

"மூணு கால் கேக்கைக் கொண்டா!"

கொண்டுபோனேன். சால்வையை உருவி முக்காலியைக் கம்பளத்தில் வைத்தார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடியே பெய்ஷெனைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க லாயத்துல... குட்டி போட்டா... ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சுத்தான்... நடத்துவீங்களா அண்ணே?"

யாரோ சிரித்தார்கள். பெய்ஷென் விரித்த கையை மடக்கவில்லை. மகன்கள் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகக் குழந்தையை இறக்கினார்கள்.

அய்பீகே முக்காலியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள். தெரிந்த ஆள். இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். ஓரடி. இன்னும் ஓரடி. மூன்று. நாலாவது அடியில் பின்வரிசையிலிருந்து யாரோ பொறுமையில்லாமல் மிட்டாயை வீசிவிட்டார்கள். குழந்தை நடந்து முடித்ததும் வீச வேண்டிய மிட்டாய். ஒருவர் வீசினால் எல்லோரும் வீசுவார்கள். எங்கள் ஊரில் விருந்து மிட்டாயை விட்டுவிட்டு நிற்கிறவன் பிறக்கவில்லை. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். தாத்தாக்கள், தபால்காரி, ஒலிபெருக்கிக்காரர் எல்லோரும். வீடியோ எடுக்கிறவன் கேமராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்!"

நிமிர்ந்தோம். அய்பீகே முக்காலிக்கு ஓரடி தள்ளிக் கம்பளத்தில் உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அனார்குல் அவளுக்கு எதிரே குப்புறப் படுத்து, கன்னத்தைக் கம்பளத்தில் வைத்து, குழந்தையின் பாதத்தைப் பார்த்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

"முக்காலியை விட்டுட்டாய்யா! குந்தினா! குதிகால் முழுசாப் பட்டுச்சு! எதையும் பிடிக்காம எழுந்தா! எழுந்து நின்னு, மறுபடி உக்காந்தா! நாலு மாசமா இதுக்குத்தான் நான்... யாருமே பாக்கலையா?"

யாரும் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இரண்டு மிட்டாய் இருந்தது. வீடியோவில் இருந்தது வானமும் ஒரு தொப்பியும்தான்.

"உக்காந்துதானே இருக்கா" என்றார் பெய்ஷென். மகன்களிடம் எதையோ சொல்லிவிட்டு அண்டாக்களின் பக்கம் போனார். இறைச்சி பரிமாறினார்கள். பேச்செல்லாம் அனார்குல் ஓடிய ஓட்டத்தைப் பற்றியே இருந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். சாப்பிடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு மருத்துவமனை திறந்தது. அறைகளுக்குச் சூடு தரும் வெந்நீர்க் குழாய்கள் இன்னும் சூடாகவில்லை. அனார்குல் இடது முழங்காலில் வலிக்குக் கட்டும் நாய் முடிக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்தார். படியேற ஏழு நிமிடம் ஆனது. எட்டரைக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்த ஒரு கைக்குழந்தை வந்தது. குழந்தை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று, தகப்பனை இன்னும் இரண்டு வாரம் இடது பக்கமே உட்காரச் சொல்லி அனுப்பினார்.

ஒன்பது மணி அய்பீகேயின் நேரம். ஒன்பது அடித்தது. தாழ்வாரத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. என் அறைக்கு வந்தார். என் ஜன்னலிலிருந்துதான் மலைப்பாதை தெரியும். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் போனார்.

ஒன்பது இருபதுக்குப் பெய்ஷெனின் வண்டி வாசலில் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பின்னால் பெர்மெத். இந்தத் தடவை அனார்குல் இறக்கி விடச் சொல்லவில்லை. நான் என் அறையை விட்டு நாலாம் எண் அறை வாசலில் போய் நின்றேன்.

"நேத்து எழுந்தாள்னு கத்தினியே. காட்டு" என்றார் பெய்ஷென். உட்காரவில்லை. வண்டிச் சாவி கையில் இருந்தது. "ரோடு நல்லா இருக்கு. மத்தியானத்துக்குள்ள அந்தப் பக்கம் போயிடலாம்."

அய்பீகேயைக் கம்பளத்தில் உட்காரவைத்தார்கள். எழவில்லை. பெய்ஷென் தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து இரண்டடி தள்ளி வைத்தார். அவள் தவழ்ந்து போய் எடுத்துத் தின்றாள். இன்னொன்று வைத்தார். அதையும் அப்படியே தின்றாள்.

"யாரும் பாக்கலேங்கற தைரியத்துல சொல்லிட்டே."

"குனிங்க அண்ணே."

"என்னது?"

"குனிஞ்சு உக்காருங்க. குளம்பு பாக்கற மாதிரி. கையைக் கொடுங்க."

அனார்குல் குழந்தையை ஏணியின் கீழ்க் கம்பைப் பிடித்து நிற்கவைத்தார். வழக்கம்போல விரல் நுனியில் நின்றாள். பெய்ஷெனின் இடது கையை இழுத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி, அவளுடைய இடது குதிகாலுக்கு அடியில் தரையோடு வைத்தார். குதிகாலுக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அனார்குல் குழந்தையின் முழங்காலுக்குப் பின்னால் தன் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழுத்தவில்லை. பெர்மெத் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டு நிமிடம் இருக்கும். குதிகால் இறங்கியது. தொட்டது, எழும்பியது. மறுபடி இறங்கி, உள்ளங்கையில் முழுசாக உட்கார்ந்தது.

"கனம் தெரியுதா?" என்று கேட்டார் அனார்குல்.

பெய்ஷென் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வலது கையில் இருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையையும் கொண்டுபோய் வலது குதிகாலுக்கு அடியில் வைத்தார்.

அனார்குல் சாவியைக் காலாலேயே நகர்த்திக் கம்பளத்துக்கு அடியில் தள்ளினார்.